கோப்பை காலியானால் கதை நிற்கும்!

கென்யா நாட்டில் ஒரு மதுக்கடை. ஆண்டு 1980.

பொழுது சாய்ந்துவிட்டது. வேலை முடிந்து வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒருவர். அவர் கையில் ஒரு புத்தகம். எதிரே ஒரு கோப்பை.

அவர் உரக்கப் படிக்கிறார். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கதை சூடு பிடிக்கிறது. அடுத்து என்ன ஆகுமோ என்று எல்லோரும் தவிக்கும் நேரத்தில், படித்தவர் நிறுத்திவிடுகிறார்!

ஏன்?

கோப்பை காலி!

யாராவது ஒருவர் காசு கொடுத்துக் கோப்பையை நிரப்ப வேண்டும். அப்புறம்தான் கதை மேலே நகரும்.

இப்படிக் கோப்பைக்குக் கதை படிக்கும் ஆட்களே அந்த நாட்டு மதுக்கடைகளில் கிளம்பிவிட்டார்கள். கடையில் மட்டும் அல்ல. தொழிற்சாலைகளில் பகல் சாப்பாட்டு வேளையில் படித்தார்கள். வாடகை வண்டிகளில் படித்தார்கள். இரவு நேரத்தில் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் கூடி உட்கார்ந்தார்கள். எழுத்து தெரிந்த ஒருவர் படித்தார்.

எல்லாம் ஒரே நாவல். "சிலுவையில் சைத்தான்" என்று பொருள்படும் பெயர் அதற்கு. (அந்த மொழியிலும் சைத்தானுக்கு ஏறக்குறைய அதே பெயர்தான். அரபு வார்த்தை அங்கும் போயிருக்கிறது, இங்கும் வந்திருக்கிறது.)

எழுதியவர் கூகி வா தியாங்கோ. நாவலாசிரியர், நாடகாசிரியர். 2025-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி, தமது 87-வது வயதில் அமெரிக்காவில் காலமானார்.

எழுத்தாளருக்கு என்ன வேலை? உட்கார்ந்து எழுதுவார், அச்சுக்குக் கொடுப்பார், அதோடு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. எழுதுவது பாதி வேலைதான். எழுதியதை உரியவர்களிடம் கொண்டு போய்ச் சேர்ப்பது மறு பாதி. அந்த மறு பாதியைச் செய்யாமல், "ஜனங்கள் எங்கே படிக்கிறார்கள்?" என்று அலுத்துக்கொள்ளும் எழுத்தாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கூகியும் நெடுநாள் வரை பாதி வேலை செய்தவர்தான். மறு பாதியைச் செய்யப் போனார். சிறைக்குப் போனார். பிறகு, சொந்த நாட்டையே இழந்தார்.

தாயின் நிபந்தனை

கென்யாவின் தலைநகர் நைரோபி. அதன் அருகே லிமுரு என்ற ஊர். அங்கே தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அதை ஒட்டிய கமிரீத்து கிராமத்தில் 1938-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி கூகி பிறந்தார். அப்போது அங்கே வெள்ளையர் ஆட்சி.

தகப்பனாருக்கு நான்கு மனைவிகள். கூகியின் தாயார் மூன்றாவது மனைவி. அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் துணிந்தார். ஒரு நிபந்தனை போட்டார். மத்தியானச் சாப்பாடு கிடைக்காத நாளும் இருக்கும். பசிக்கிறது என்று பள்ளிக்கூடத்தை விடக்கூடாது. பையன் சம்மதித்தான். அவன் நிறைய மார்க்கு வாங்கிவந்த நாளிலும், உன்னால் முடிந்தது இவ்வளவுதானா என்று தாயார் கேட்பாராம்!

வெள்ளையரை எதிர்த்து மாவ்மாவ் போராட்டம் நடந்த காலம் அது. அண்ணன் ஒருவர் போராளிகளோடு சேர்ந்து காட்டுக்குள் போய்விட்டார். கூகி பெயர் பெற்ற ஒரு பள்ளியில் சேர்ந்து, முதல் விடுமுறைக்கு ஊர் திரும்பினார். ஊரே இல்லை! பட்டாளத்தார் வீடுகளை இடித்துத் தரைமட்டம் ஆக்கியிருந்தார்கள்.

அதன் பிறகு உகாண்டாவில் கல்லூரிப் படிப்பு. 1962-ல் அவருடைய முதல் பெரிய நாடகம் கம்பாலா நகரில் மேடை ஏறியது. 1964-ல் முதல் நாவல் வெளிவந்தது. அப்புறம் வரிசையாக நாவல்கள். நைரோபி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. உலகப் புகழ்.

எல்லாம் ஆங்கிலத்தில்!

அவர் எழுதியது கமிரீத்து மக்களைப் பற்றி. நிலம் பறிபோனவர்களைப் பற்றி. தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்களைப் பற்றி. அதைக் கமிரீத்து மக்கள் படிக்க முடியாது. பெற்ற தாயும் படிக்க முடியாது.

விடாமல் வந்த பெண்

1976-ம் ஆண்டு ஒரு நாள் காலை. பேராசிரியர் வீட்டுக் கதவை ஒரு கிராமத்துப் பெண் தட்டினாள். அவள் சுற்றி வளைத்துப் பேசவில்லை. நீங்கள் நிறையப் படித்தவராமே, புத்தகம் எல்லாம் எழுதுகிறீர்களாமே, அந்தப் படிப்பில் கொஞ்சம் எங்கள் கிராமத்துக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுப் போய்விடவில்லை. அடுத்த ஞாயிறு வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படியே வந்தாள். பேராசிரியர் எழுந்து அவளோடு போனார்.

உலக இலக்கியக் கூட்டங்களில் எத்தனையோ பேர் கூகியைப் பாராட்டியிருக்கிறார்கள். விருது கொடுத்திருக்கிறார்கள். அவருடைய எழுத்து வாழ்க்கையில் யாருக்காவது மாலை போட வேண்டுமானால், இந்தப் பெண்ணுக்குத்தான் போட வேண்டும்.

கிராமத்தில் ஒரு மன்றம் இருந்தது. பெரியவர்களுக்கு அங்கே எழுத்து கற்பித்தார்கள். நாற்பது வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் பலகையில் எழுதிப் பழகினார்கள். எழுத்து கற்றாயிற்று, இனி படிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்தது. ஒரு நாடகம் போடுவோம் என்று முடிவு செய்தார்கள். அதை எழுதும் பொறுப்பு இரண்டு பேரிடம் வந்தது. ஒருவர் கூகி வா தியாங்கோ. மற்றவர், முதியோர் கல்வியைக் கவனித்து வந்த கூகி வா மிரீ. இரண்டு பேரும் கூகிதான்!

நாடகத்தின் பெயர் "ஙாஹிகா ந்தேந்தா". "எனக்கு இஷ்டமானபோது கல்யாணம் செய்துகொள்வேன்" என்று அர்த்தம்.

கதை இதுதான். கிகூண்டா ஓர் ஏழைத் தோட்டத் தொழிலாளி. அவனுக்குச் சொந்தம் ஒன்றரை ஏக்கர் நிலம். அதன் பத்திரத்தை உயிராகப் போற்றுகிறான். ஒரு பணக்காரர் அவனிடம் வந்து, நீயும் உன் மனைவியும் தேவாலயத்தில் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார். செலவுக்குப் பணம்? பத்திரத்தை வைத்துப் பாங்கியில் கடன் வாங்குகிறான். நிலம் போய்விடுகிறது!

இந்தக் கதை எந்த நாட்டுக் குடியானவருக்குத்தான் புரியாது?

பேராசிரியருக்குப் பாடம்

1977-ம் ஆண்டு ஏப்ரலில் நாடகத்தின் நகல் தயார் ஆயிற்று. கிராமத்தாரின் கிக்கூயு மொழியில் எழுதியிருந்தார்கள். அதைக் கிராமத்தார் முன்னே படித்தார்கள்.

அங்கேதான் வேடிக்கை ஆரம்பம்!

"கிழவர் இப்படிப் பேசமாட்டார்" என்றார்கள். கிழவர் பேச்சு வேறு, வாலிபன் பேச்சு வேறு; இந்தப் பழமொழியை இந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை என்று திருத்தினார்கள். பழைய கல்யாணப் பாட்டுகளை வயதான பெண்கள் பாடிக் காட்டினார்கள். எப்படிப் பாடுவது, எப்படி ஆடுவது என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் சம்பளக் கணக்கை எடுத்து வைத்து, முதலாளிக்கு எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதுவும் நாடகத்தில் சேர்ந்தது.

பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்பவர் இங்கே மாணவராக உட்கார்ந்தார். அதற்கு அவர் வெட்கப்படவில்லை.

பாமர மக்களுக்காக எழுதுவது என்றால் தரத்தைக் குறைப்பது என்று சில படிப்பாளிகள் சொல்வார்கள். கமிரீத்துவில் நடந்தது என்ன? பேராசிரியர் எழுதியதில் தரம் போதாது என்று பாமரர்கள்தான் திருத்தினார்கள்!

ஒத்திகைக்குக் கதவு கிடையாது. சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வெட்டவெளியில் நடந்தது. வயல் வேலையும் தொழிற்சாலை வேலையும் கெடக் கூடாது அல்லவா? போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். முதல் நாள் தட்டுத் தடுமாறிய நடிகன் பத்தாவது நாள் வெளுத்து வாங்கினான். அதைப் பார்த்த மற்றவர்களுக்கும், நம்மாலும் முடியும் என்ற தைரியம் வந்தது. அரங்கேற்றத்துக்கு முன்பே ஊரில் பலருக்கு நாடகம் மனப்பாடம்.

நாடகக் கொட்டகை வேண்டுமே? வாலிபர்கள் முதலில் தீக்குச்சிகளைத் தரையில் அடுக்கித் திட்டம் போட்டார்கள். பிறகு ஊர் கூடிக் கட்டியது. 2,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய திறந்தவெளி அரங்கம்!

1977-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி அரங்கேற்றம் நடந்தது. தூரத்து ஊர்களில் இருந்தும் ஜனங்கள் திரண்டு வந்தார்கள். நவம்பர் 16-ந் தேதி ஜில்லா அதிகாரி அனுமதியை ரத்து செய்தார். ஒன்றரை மாதம்தான் ஆட்டம். அதோடு திரை விழுந்தது.

மந்திரி வெளியிட்ட நாவல்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

அதே 1977-ம் ஆண்டு ஜூலை மாதம் கூகியின் நாவல் ஒன்று நைரோபியில் வெளியாயிற்று. "ரத்தப் பூவிதழ்கள்" என்று பொருள்படும் பெயர். சுதந்திரம் வந்த பிறகு புதுப் பணக்காரர்கள் ஏழைகளை எப்படி உறிஞ்சினார்கள் என்று அது சொல்லியது. காரமான நாவல். அதை வெளியிட்டவர் யார் தெரியுமா? அந்த நாட்டு நிதி மந்திரி முவாய் கிபாக்கி!

நாவல் சொன்னதும் நாடகம் சொன்னதும் ஒன்றுதான். நாவலுக்கு மந்திரி வந்தார். நாடகத்துக்குப் போலீஸ் வந்தது.

நாவல் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறார் என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். நாடகம் கூலிக்காரனின் பேச்சில் இருந்தது. பார்த்தவன் வீட்டுக்குப் போய்த் தன் சம்பளக் கணக்கை எடுத்துப் பார்ப்பான். ஆட்சியாளர்களுக்கு எதைக் கண்டு பயம் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. இலக்கிய விமர்சகர்களுக்குத் தெரியாத வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1977 டிசம்பர் கடைசி. நள்ளிரவு. கூகியின் வீட்டைப் போலீசார் சூழ்ந்தார்கள். புத்தகங்களைச் சோதனை போட்டார்கள். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை. விசாரணை இல்லை. பலத்த காவல் உள்ள காமிதி சிறையில் அடைத்தார்கள். பேராசிரியர் என்ற பெயர் போயிற்று. "கே 6, 77" என்று ஓர் எண் வந்தது.

முரட்டுக் காகிதம்

சிறைக்குள்ளே கூகி ஒரு சபதம் எடுத்தார். இனி நாவலையும் ஆங்கிலத்தில் எழுதுவதில்லை. எந்த மொழிக்காகச் சிறைக்கு வந்தோமோ, அந்த மொழியில்தான் எழுத வேண்டும்.

காகிதத்துக்கு எங்கே போவது? கழிப்பறைக்கென்று கைதிகளுக்குக் கொடுக்கும் காகிதம் இருந்தது. முரட்டுக் காகிதம். உடம்பில் பட்டால் உறுத்தும். ஆனால் எழுதுவதற்கு அருமையாக இருந்தது! அதில்தான் முழு நாவலையும் எழுதினார்.

கிக்கூயு மொழியில் அதுவரை நாவல் எழுதிப் பழக்கம் இல்லை. பாதிரிமார் அமைத்துக் கொடுத்த எழுத்து முறையில் குறில், நெடில் வித்தியாசம் சரியாகத் தெரியாது. இன்று எழுதிய வாக்கியத்தை நாளை படித்தால் வேறு விதமாகத் தொனிக்கும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார். ஒரு வார்த்தை அகப்படாவிட்டால் கூட இருந்த கைதிகளைக் கேட்டார். காவல் காக்கும் வார்டர்களையும் கேட்டார். பேச்சுவாக்கில் அவர்கள் சொன்னார்கள். எந்த நாவலுக்குப் போகிறது என்று தெரியாமலே வார்த்தை தானம் செய்தார்கள்!

கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. அதனால் கிராமத்துக் கதைசொல்லி ஒருவர் சொல்லுவது போல நாவலை அமைத்தார். பாட்டு, பழமொழி, விடுகதை எல்லாம் வைத்தார். வரீங்கா என்ற ஏழைப் பெண் கதாநாயகி. ஒரு வாடகை வண்டியில் பிரயாணம். போய்ச் சேரும் இடத்தில் திருடர்களுக்குள் போட்டி: யார் பெரிய திருடன்? ஒவ்வொரு கனவானும் மேடை ஏறித் தன் திருட்டுப் பெருமையைப் பேசுகிறான். படித்துக் காட்டுவதற்கென்றே செய்த கதை!

விடுதலைக்குச் சில வாரங்களே இருந்தபோது திடீர்ச் சோதனை நடந்தது. எழுதிய காகிதம் எல்லாம் பறிபோயிற்று. எழுத்தாளருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு உண்டா? நல்ல வேளையாகச் சிறை அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையே வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் அதன் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்தார். பல்வலி வந்தது. கைவிலங்கு மாட்டிக்கொண்டு வந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போகிறோம் என்றார்கள். விலங்கு பூட்ட நான் செய்த குற்றம் என்ன என்று மறுத்துவிட்டார். வலியோடு எழுதினார்.

1978 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்யாட்டா காலமானார். டிசம்பர் 12-ந் தேதி, கென்யாவின் சுதந்திர தினத்தன்று, கூகி விடுதலை ஆனார். பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

புத்தகத்தை யார் போடுவார்? ஹென்றி சக்காவா என்ற பதிப்பாளர் துணிந்தார். அவருக்கு மிரட்டல்கள் வந்தன. ஆட்கள் தாக்கவும் செய்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. எழுத்தாளரைப் புகழ்கிற நேரத்தில் இப்படிப்பட்டவர்களை மறந்துவிடுகிறோம். அது நியாயம் அல்ல.

1980-ல் நாவல் வெளிவந்தது. முதலில் 5,000 பிரதிகள். சட்டென்று தீர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் மேலும் இரு முறை அச்சிட வேண்டியதாயிற்று. அந்த மொழியில் யார் வாங்குவார்கள் என்று கேட்டவர்களுக்கு மதுக்கடைகளே பதில் சொல்லின!

ஆங்கிலத்தை விட்டது சரியா?

நைஜீரிய நாட்டு நாவலாசிரியர் சினுவா அச்சிபே வேறு விதமாக நினைத்தார். ஆங்கிலத்தை வளைத்து நம் கதையைச் சொல்ல வைக்கலாம் என்றார். சொல்லியும் காட்டினார். அவர் எழுத்தைக் குறை சொல்ல முடியாது. கூகியின் முதல் நாவலைக் கையெழுத்துப் பிரதியில் படித்து அச்சேற உதவியவரும் அவரே.

கூகியைக் குறை கூறுபவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. கிக்கூயுவில் எழுதினால் ஓர் இனத்தாருக்கு மட்டும்தானே என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பு எதற்கு இருக்கிறது? கிக்கூயுவில் எழுதிய அந்தச் சைத்தான் நாவல் உலகம் சுற்றியது. தமிழுக்கும் வந்தது. "சிலுவையில் தொங்கும் சாத்தான்" என்ற பெயரில் தமிழர்கள் படித்தார்கள். வீட்டாருக்குச் சொன்ன கதையை ஊராரும் கேட்டார்கள். முன்பெல்லாம் ஊரார் கேட்டார்கள், வீட்டாருக்குத்தான் கேட்கவில்லை.

பாத்திரத்தைப் பிடிக்க உத்தரவு!

1982 பிப்ரவரியில் கமிரீத்து மக்கள் இன்னொரு நாடகத்தோடு நைரோபிக்கு வந்தார்கள். தேசிய நாடக அரங்கின் கதவு பூட்டிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் ஒத்திகை நடத்தினார்கள். ஒத்திகையைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் கூட்டம்! அதுவும் நிறுத்தப்பட்டது. மார்ச் மாதம் போலீசார் லாரிகளில் கமிரீத்துவுக்கு வந்து, ஊரார் கட்டிய அரங்கத்தை இடித்துத் தள்ளினார்கள். பட்டாளம் ஊரை இடித்த அதே கிராமம். இந்த முறை இடித்தது சொந்த அரசாங்கம்.

அந்த ஜூன் மாதம், சைத்தான் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிடக் கூகி லண்டன் போனார். திரும்பினால் கைது என்று தகவல் வந்தது. புத்தகம் வெளியிடப் போனவர் 22 ஆண்டுகள் ஊர் திரும்பவில்லை!

வெளிநாட்டில் இருந்தும் கிக்கூயுவில் எழுதினார். "மத்திகாரி" என்ற நாவல் 1986-ல் கென்யாவில் வெளிவந்தது. மத்திகாரி என்பவன் காட்டில் இருந்து வந்து, உண்மை எங்கே, நீதி எங்கே என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிகிறான். கிராமங்களில் அவனைப் பற்றியே பேச்சு. ஒற்றர்கள் மேலிடத்துக்குச் சேதி அனுப்பினார்கள். "அந்த ஆளைப் பிடி" என்று உத்தரவு பிறந்தது. போலீசார் தேடினார்கள். ஆள் அகப்படவில்லை. அவன் கதையில் வரும் பாத்திரம் என்று அப்புறம்தான் தெரிந்தது! விடுவார்களா? 1987 பிப்ரவரியில் கடைகளில் இருந்த பிரதிகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

2004-ல் புது நாவலை வெளியிடக் கூகி மனைவியோடு ஊர் வந்தார். அப்போது ஜனாதிபதி, முன்பு அவர் நாவலை வெளியிட்ட அதே கிபாக்கி. மக்கள் திரண்டு வரவேற்றார்கள். ஆனால் சில நாட்களில் ஆயுதம் ஏந்தியவர்கள் நைரோபியில் அவர்கள் தங்கியிருந்த வீட்டில் புகுந்து கணவன் மனைவி இருவரையும் கொடுமையாகத் தாக்கினார்கள். அதன் பிறகும் அந்த நாவல் பகுதி பகுதியாகக் கிக்கூயுவில் வெளிவந்தது. 2006-ல் அவரே ஆங்கிலத்தில் பெயர்த்தார். வேறொரு நூல் 2021-ல் சர்வதேச புக்கர் பரிசின் முதல் பட்டியலில் இடம் பெற்றது. ஆப்பிரிக்க மண்ணின் மொழி ஒன்றில் எழுதிய நூல் அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை.

2022-ம் ஆண்டு மே மாதம், நைரோபி தேசிய நாடக அரங்கில் "ஙாஹிகா ந்தேந்தா" மேடை ஏறியது. ஆங்கிலத்திலும் நடித்தார்கள், கிக்கூயுவிலும் நடித்தார்கள். தடை விழுந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிகூண்டா தன் ஒன்றரை ஏக்கர் பத்திரத்தை எடுத்து மறுபடியும் ஜனங்களுக்குக் காட்டினான்.